நேரடி விற்பனை: நெல்லைப் பக்கம் எங்கே சறுக்குகிறது?

களக்காட்டுத் தோட்டத்தில் கிடைத்த விலையையும் பாளையங்கோட்டைக் கடையில் தொங்கும் வாழைப் பழத்தின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த விவசாயிக்கும் வயிறு எரியும். ‘நாமே கொண்டுபோய் வித்தால் என்ன?’ என்று கிளம்புகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அந்த வித்தியாசம் முழுவதையும் லாபமாக எண்ணுவது. வியாபாரியை ஒதுக்கலாம், அவர் பார்த்த வேலையை ஒதுக்க முடியாது. தரம் பிரிப்பது, பழுக்க வைப்பது, வண்டி பிடிப்பது, விற்காததைத் தாங்குவது எல்லாம் இனி நம் தலையில்.

ஒரு ஏத்தன் (நேந்திரன்) வாழைத் தாரை எடுத்துக்கொள்வோம். பேச்சுக்கு 12 கிலோ. வியாபாரி தாராகவே வாங்கிவிடுவார். சீப்பாக அறுத்து விற்றால் தண்டு ஒரு கிலோ கழியும். மேல் சீப்புகள் கொழுத்திருக்கும், வந்த வேகத்தில் போகும். கடைசி ரெண்டு சீப்பு சிறுத்திருக்கும்; ‘இது வேண்டாம் அண்ணாச்சி’ என்பார்கள். அதில் ரெண்டு கிலோ போனால் காசாவது 9 கிலோதான். கிலோவுக்கு விலை சொல்லும்போது தாரின் விலையை 12-ஆல் வகுக்காமல் 9-ஆல் வகுக்க வேண்டும். அதற்கு மேல் வண்டி வாடகை, அப்புறம் உங்கள் ஒரு நாள் கூலி. தன் கூலியைக் கணக்கில் சேர்க்கிற விவசாயி அபூர்வம்.

தாரும் ஒரே நாளில் பழுக்காது. மேல் சீப்பு மஞ்சளாகும்போது கீழே பச்சையாகவே நிற்கும். அவசரப்பட்டுக் கார்பைடு கல் வைத்துவிடாதீர்கள். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. காயாகக் கொடுத்து, ‘மூணு நாள் கழித்துச் சாப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டால் போதும்.

அரிசியில் சறுக்கல் வேறு மாதிரி. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பழகிய குண்டு ரகம், வாங்க ஆள் உண்டு. ஆனால் நெல் விலையை அரிசி விலையோடு நேராக ஒப்பிடக் கூடாது. 100 கிலோ நெல் அரைத்தால் அரிசியாகத் தேறுவது 60 முதல் 67 கிலோ. அதிலும் குருணை, கல், கறுப்பு நீக்க வேண்டும். பெரிய தவறு, அறுவடை முடிந்த கையோடு மொத்தத்தையும் தவிடு நீக்காத அரிசியாக அரைத்துச் சிப்பம் கட்டுவது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. நாளானால் சிக்கு வாடை வரும், வண்டும் ஏறும். ஒரு தடவை வாடை அடித்த அரிசி வாங்கியவர் மறுபடி வரமாட்டார். நன்றாகக் காயவைத்து நெல்லாகவே இருப்பு வைத்து, மாதாமாதம் ஆர்டருக்குத் தகுந்தபடி அரைப்பதே சரி.

வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பது சுலபம். பெருமாள்புரத்தில் ஒரு வீடு, பேட்டையில் ஒரு வீடு என்று அரைக் கிலோ கத்தரிக்காய்க்கு அலைந்தால் பெட்ரோலுக்கே சரியாகிவிடும். ஒரு தெரு அல்லது ஓர் அடுக்குமாடி, வாரத்தில் ஒரு நாள் என்று பிடியுங்கள். வியாழன் இரவோடு ஆர்டரை நிறுத்திவிட்டு, வெள்ளி சாயங்காலம் பறித்து, சனி காலை இறக்குங்கள். நினைத்த நேரமெல்லாம் கேட்பவர்களுக்கு நயமாக மறுப்புச் சொல்லத் தெரிய வேண்டும். இது பலருக்கு வராது.

‘இயற்கை’ என்ற சொல்லைத் தாராளமாக அச்சடிப்பது இன்னொன்று. சான்றிதழ் இல்லாமலேயே, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு விவசாயி தன் இயற்கை விளைபொருளை நுகர்வோருக்கு நேராக விற்க விதி இடம் தருகிறது. ஆனால் இயற்கை விளைபொருளுக்கான அரசு முத்திரையைப் போட முடியாது. ஒரு தடவை பூச்சிமருந்து அடித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், மறைத்துத் தெரியவந்தால் குழுவே கலைந்துபோகும். பச்சைக் காயை விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. அதே காயைச் சிப்ஸாகப் பொரித்தால் பதிவு வேண்டும்.

மகாராஜநகர், கண்டியப்பேரி உழவர் சந்தைகளை ‘பழைய திட்டம்’ என்று இளைஞர்கள் ஒதுக்குவது எனக்குப் புரியவில்லை. 1999-ல் மதுரையில் தொடங்கிய ஏற்பாடு இது. கடைக்கு வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது. விலையை அன்றன்று பலகையில் எழுதிப் போடுகிறார்கள். அடையாள அட்டை மட்டும் முன்கூட்டியே வாங்க வேண்டும். காய் முற்றிய பிறகு அட்டைக்கு ஓடினால் ஆகாது.

கடைசியாக, வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும்போதே அவருக்குத் தெரியாமல் தாரை டவுனுக்கு அனுப்புவது. பேச்சு கெட்டுப்போகும், அடுத்த காற்றில் வாழை சாய்ந்தால், சாய்ந்த காயை ஒட்டுமொத்தமாக எடுக்க அவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். முன்பணத்தை முதலில் அடைத்துவிட்டு, பத்தில் இரண்டு பங்கை மட்டும் வீடுகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரு போகம் முழுக்க வரவு செலவை நோட்டில் எழுதி, அதைப் பார்த்து அடுத்த போகத்தில் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யலாம்.