நிற நிறமாக வாளி வாங்குவதற்கு முன்: அலுவலகப் பிளாஸ்டிக்கைக் குறைப்பதில் நடக்கும் தவறுகள்

கொழும்பு அலுவலகங்கள் பல, பிளாஸ்டிக்கைக் குறைக்கும் வேலையைக் குப்பை வாளியில் இருந்தே தொடங்குகின்றன. மூன்று நிறத்தில் வாளி வாங்கி, சுவரில் அறிவித்தலும் ஒட்டுவார்கள். கொஞ்ச நாளில் மூன்றிலும் ஒரே கலவைதான் கிடக்கும். பிளாஸ்டிக் உள்ளே வருவது கொள்முதல் பட்டியல் வழியாகவும் மதியச் சாப்பாட்டு வழியாகவும். அந்த இரண்டையும் தொடாதவரை எத்தனை வாளி வைத்தாலும் அளவு குறையாது.

எது எவ்வளவு வருகிறது என்று பாராமல் இறங்குவதும் தவறுதான். போயா விடுமுறை இல்லாத ஒரு கிழமையைத் தெரிவுசெய்து, ஐந்து நாளும் மாலையில் கையுறை போட்டுக் குப்பையை ஒரு விரிப்பில் கொட்டிப் பிரியுங்கள். நிறுப்பதை விட எண்ணுவதே நல்லது. சோற்றுப் பார்சல் சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டுக்கு நிறையே இல்லை, ஒட்டியிருக்கும் சோறும் கறியும்தான் தராசில் தெரியும்.

எண்ணும்போது குப்பைப் பைகளை விட்டுவிடாதீர்கள். 60 மேசைக்கு 60 சிறு வாளி, ஒவ்வொன்றுக்கும் தினம் ஒரு புதுப் பை என்றால் 22 வேலை நாளில் 1,320 பை போகிறது. பல பைகளில் இரண்டு கடதாசித் துண்டும் ஒரு டொபி உறையும்தான் இருக்கும். மேசை வாளிகளை எடுத்துவிட்டு, 15 முதல் 20 பேருக்கு ஒரு பொது இடம் வையுங்கள். காய்ந்த கடதாசி போடும் வாளிக்குப் பையே வேண்டாம். ஆரம்பத்தில் முறைப்பாடு வரும். அதற்காகப் பழையபடி மாற்றிவிடக் கூடாது.

கடதாசிக் கப்பை நம்புவது

2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கப், தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, ஸ்ட்ரோ போன்றவற்றுக்குத் தடை வந்தது. கடதாசிக் கப் வாங்கினால் விடயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். சூடான பிளேன்டி கசியாமல் நிற்பதற்கு அந்தக் கப்பின் உட்புறத்தில் பொதுவாகப் பொலிஎதிலீன் படலம் ஒட்டியிருக்கும். சாதாரண கடதாசியோடு சேர்த்து அதை மீள்சுழற்சி செய்வது கடினம். 60 பேர் நாளுக்கு இரண்டு தேநீர் குடித்தால் மாதம் 2,640 கப்.

பீங்கான் கப்புக்கு மாறுகிற இடங்களில் திட்டம் உடைவது கழுவும் இடத்தில்தான். ஒரு தேநீர் உதவியாளரின் தலையில் 120 கப்பைக் கட்டினால், அவர் மறுபடி கடதாசிக் கப்பை எடுப்பதில் குற்றம் சொல்ல முடியாது. அவரவர் கப்பை அவரவர் கழுவட்டும். அதற்கு ஒரு சிங்க், சவர்க்காரத் திரவம், ஸ்பொஞ்ச், நீர் வடியும் தட்டு இருந்தால் போதும். விருந்தினருக்கான 15 கப்பை மட்டும் உதவியாளரிடம் விடுங்கள்.

கூட்டங்களில் வைக்கும் 500 மில்லிலீற்றர் போத்தலுக்கும் இதே கதிதான். மூடியுள்ள கண்ணாடிக் குடுவை வைத்தாலும், தண்ணீரில் நம்பிக்கை இல்லாவிட்டால் ஆட்கள் போத்தலுக்கே திரும்புவார்கள். வடிகட்டி மாற்றிய திகதியையும் மேல்தாங்கி கழுவிய திகதியையும் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள். திருப்பிக் கொடுக்கும் பெரிய கேன் பாவித்தால் டிஸ்பென்சரின் குழாய் வாயைத் தவறாமல் சுத்தம் செய்யுங்கள்.

சாப்பாட்டுப் பார்சல்

பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. ஆனாலும் பார்சலைப் பிரித்தால் பல தடவை அதுதான் விரிகிறது, இல்லாவிட்டால் ‘உக்கும்’ என்று அச்சிட்ட ஒன்று. இந்தச் சொல்லை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒக்சோ வகை, அதாவது சீக்கிரம் உடைவதற்கு ஒரு சேர்பொருள் கலந்த சாதாரண பிளாஸ்டிக், உக்குவதில்லை, நுண்துகளாக உடைகிறது. உண்மையில் உக்கும் வகை ஐ.எஸ்.ஓ. 17088 போன்ற தரத்துக்கு உட்பட்டிருக்கும். அதுவும்கூடப் பெரும்பாலும் 60 பாகை அளவு சூடு நிலைக்கும் பெரிய உரக் குவியலில்தான் உக்கும். கலந்த குப்பையோடு போனால் அந்தக் கூடுதல் விலைக்குப் பயனில்லை.

எண்ணெய் பட்ட ஷீட்டையும், பருப்பும் சொதியும் கட்டி வரும் சின்னப் பையையும் மீள்சுழற்சிக்குச் சேகரிப்பவர் எடுக்கமாட்டார். அவை உள்ளே வராமல் தடுப்பதே ஒரே வழி. பத்துப் பேராவது ஒரே கடையில் எடுப்பவர்களாக இருந்தால், இலக்கமிட்ட எவர்சில்வர் பெட்டிகளைக் காலையில் கடைக்கு அனுப்பலாம். பெட்டிகளை இரட்டைத் தொகுதியாக வைத்திருங்கள்: ஒன்று கடையில் இருக்கும்போது மற்றது கழுவப்படும். இருபது பேருக்கு மேல் என்றால் சோற்றையும் கறிகளையும் பெரிய பாத்திரங்களில் வரவழைத்துத் தட்டில் பரிமாறுவது இன்னும் எளிது. பார்சல்தான் வேண்டுமென்றால் நெருப்பில் வாட்டிய வாழையிலை கேளுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும், குழம்பு ஒழுகும், அடுத்த நாள் எல்லோரும் லஞ்ச் ஷீட் கேட்பார்கள். மேலே பழுப்புக் கடதாசி சுற்றலாம். அச்சுமை உள்ள பத்திரிகைத் தாள் சோற்றில் படக்கூடாது.

சேகரிப்பில் விடும் பிழைகள்

வாளியை வைத்துவிட்டுச் சேகரிப்பவரைத் தேடுவது தலைகீழ் வேலை. முதலில் அவரிடம் எதை எடுப்பார், குறைந்தது எத்தனை கிலோ வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார் என்று கேளுங்கள். அவர் எடுப்பதை மட்டும் வாளியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஒரு மாதிரிப் பொருளையும் ஒட்டுங்கள். தண்ணீர்ப் போத்தல் 1 ஆம் இலக்க பெட் (PET) பிளாஸ்டிக், அதன் மூடி வேறு வகைப் பிளாஸ்டிக். போத்தலைக் காலிசெய்து, காயவிட்டு, நசுக்கிப் போடுங்கள். மீதிப் பால்தேநீர் ஒரு கப் கவிழ்ந்தாலே வாளி முழுதும் நாறும்.

சேர்த்த போத்தல்களை மொட்டை மாடியிலோ வாகனத் தரிப்பிடத்திலோ திறந்தவெளியில் அடுக்காதீர்கள். ஒரு மழை போதும், டெங்கு நுளம்பு முட்டையிட. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கும் வரலாம். கூரையின் கீழேயே வையுங்கள்.

இவ்வளவும் செய்தபின், மாலையில் துப்புரவுப் பணியாளர் இரண்டு வாளியையும் ஒரே கறுப்புப் பையில் கொட்டுவதைப் பல இடங்களில் காணலாம். குறை அவரிடம் இல்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. துப்புரவு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பிரித்தெடுத்தல், சேமிக்கும் இடம், அதற்கான நேரம் மூன்றையும் எழுத்தில் சேருங்கள். போத்தல் விற்று வரும் பணத்தை அவர்களுக்கே கொடுங்கள்.