ரா படத்தைப் பல மென்பொருள்களில் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரா என்பது கேமரா சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. அதன் வெளிச்சத்தையும் நிறத்தையும் லைட்ரூமிலோ டார்க்டேபிளிலோ சரிசெய்துவிட்டு, கறைகளை நீக்குவது போன்ற நுணுக்கமான வேலைகளைப் போட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ முடிப்பது பலருக்கும் வழக்கம். இந்த முறையில் பெரும்பாலான படங்கள், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடத்தில்தான் கெடுகின்றன.

அவற்றில் மோசமானது, அடுத்த மென்பொருளுக்கு அனுப்பும் இடைநிலைக் கோப்பை ஜேபெக்காகச் சேமிப்பது. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 16,384 படிநிலைகள் வரை இருக்க, ஜேபெக்கில் 256 மட்டுமே உண்டு. நீலத்திலிருந்து செம்மஞ்சளுக்கு மெல்ல மாறும் அந்திவானத்தை ஜேபெக்காக மாற்றிய பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளைகோடான கர்வை வளைத்தால், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். எனவே அதிகப் படிநிலைகளைத் தாங்கும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகவே அனுப்ப வேண்டும். 24 மெகாபிக்சல் படம் சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 144 எம்பி வரும் என்றாலும், அந்த இடத்தைச் சேமிப்பது வீண் சிக்கனம். ஜிம்ப் பயன்படுத்துவோர் 2018-இல் வந்த 2.10 பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ வைத்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய பதிப்புகள் எதைத் திறந்தாலும் 8 பிட்டாகக் குறைத்துவிடும்.

ராவிலேயே முடிக்க வேண்டியதை அடுத்த மென்பொருளுக்குத் தள்ளிப்போடுவதும் தவறே. வெண்மேகத்தில் மங்கலாகத் தெரியும் மடிப்புகளை பிரகாசமான பகுதிகளை மாற்றும் ஹைலைட் ஸ்லைடரால் ராவில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வெளுத்த நிலையிலேயே டிஃப்பாக மாற்றிவிட்டால் அங்கே வெறும் வெள்ளைதான் மிஞ்சும். ஏற்றுமதிக்கு முன், படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில், வெளுத்த பகுதிகள் தெரியும் வலது ஓரத்தை ஒரு முறை பார்ப்பது நல்லது. வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறச் சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸும் இப்படித்தான்: டிஃப்பில் அதைத் திருத்த முயன்றால், நிழல் சரியாகும்போது வெளிச்சப் பகுதியில் வேறொரு சாயம் ஏறிவிடும்.

ஒரே வேலையை இரு மென்பொருள்களிலும் செய்வது கண்ணுக்கு உடனே படாத தவறு. நாம் எதையும் தொடாமலே லைட்ரூம் ரா கோப்புக்கு ஓரளவு ஷார்ப்பனிங் (விளிம்புகளைக் கூர்மையாக்குதல்) சேர்க்கிறது; அதன்மேல் போட்டோஷாப்பில் மீண்டும் அழுத்தமாகச் சேர்த்தால், வானத்தை ஒட்டிய கூரை விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும். படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சலான நாய்ஸை ராவிலேயே குறைத்துவிட்டு, வெளியீட்டுக்கான ஷார்ப்பனிங்கைப் படத்தை இறுதி அளவுக்குச் சுருக்கிய பிறகே செய்ய வேண்டும். லென்ஸால் வரும் வளைவு போன்ற குறைகளைச் சரிசெய்யும் லென்ஸ் திருத்தமும் ஒரு முறை போதும்.

திருத்தும்போது புரோபோட்டோ ஆர்ஜிபி போன்ற அகன்ற வண்ணவெளி (ஒரு கோப்பு காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) பொருத்தமானதே. ஆனால் இணையத்துக்கான இறுதிக் கோப்பை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, எந்த வண்ணவெளி என்பதைச் சொல்லும் புரொஃபைலையும் உள்ளே பதித்துச் சேமிக்க வேண்டும். இல்லையேல் பிறர் திரையில் நிறங்கள் சோர்ந்து தெரியக்கூடும்.

ஒரு மென்பொருளின் திருத்தங்கள் இன்னொன்றில் அப்படியே திறக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. ராதெரப்பி என்ற ரா மென்பொருள் தன் திருத்தங்களைப் பிபி3 கோப்பில் எழுதுகிறது. லைட்ரூம் தன் திருத்தங்களை எழுதும் எக்ஸ்எம்பி கோப்பிலிருந்து டார்க்டேபிள் சிலவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ரா கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தும்போது இந்தத் துணைக் கோப்புகளும் கூடவே செல்ல வேண்டும்.

டிஃப் உருவான பிறகு ராவில் செய்யும் மாற்றம் எதுவும் அந்த டிஃப்பைச் சேராது. மறுபடி ராவுக்குத் திரும்ப நேரிடும் என்று தோன்றினால், போட்டோஷாப்பில் படத்தை, ரா கோப்பையே உள்ளே வைத்திருக்கும் லேயரான ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகத் திறப்பது மேல். அந்த லேயரை இருமுறை சொடுக்கினால் போட்டோஷாப்பின் ரா திருத்தியான கேமரா ரா மீண்டும் திறக்கும்.