கருப்பு வெள்ளைப் படத்தில் ஊதா பூப்பது ஏன்?

கும்பகோணத்தில் உள்ள என் அச்சறைக்குச் சென்ற வாரம் வந்த இளைஞர், தாராசுரம் கோயிலின் கல்சக்கரத்தைத் தம் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் கருப்பு வெள்ளையாக அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். ட்யூப்லைட்டின் கீழே கல் கல்லாகவே தெரிந்தது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுசென்றதும் ஊதா பூத்துவிட்டது. நான் முன்பு செய்து கையைச் சுட்டுக்கொண்ட அதே தவறு. தாளைப் புரட்டிப் போடுவது போன்ற பிழைகளை எவரும் இரண்டாம் நாளே தாமாகத் திருத்திக்கொள்வர் என்பதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

வண்ண மைகளைக் கொண்டு சாம்பலைத் திருத்துவது

திருக்கடையூரில் நடந்த ஒரு சஷ்டியப்தபூர்த்திக்கு நான் எடுத்த படங்களில் முப்பத்திரண்டைக் கருப்பு வெள்ளையில் பெரிதாக்கித் தரும்படி அந்தக் குடும்பத்தார் கேட்டிருந்தனர். இரவு அமர்ந்து அச்சிட்டபோது முதல் படம் சற்றே பச்சையடித்தது. கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் மெஜந்தா என்னும் ஊதாச்சிவப்பைக் கொஞ்சம் கூட்டினேன், சரியாகிவிட்டது என்று எண்ணி மற்றவற்றையும் அப்படியே அச்சிட்டு முடித்தேன். மறுநாள் காலையில் திண்ணையில் அமர்ந்து படங்களைப் பார்த்த பெரியவர், “என்ன தம்பி, இவள் நரைமுடி கத்திரிப்பூ நிறத்தில் இருக்கிறதே!” என்றார். அத்தனையையும் என் செலவில் மீண்டும் அச்சிட்டுக் கொடுத்தேன்.

சாதாரண வண்ண முறையில் பிரிண்டர் சாம்பல் நிறத்தின் பெரும்பகுதியைச் சயான், மெஜந்தா, மஞ்சள் மைகளைக் கலந்தே உண்டாக்குகிறது. ட்யூப்லைட்டின் ஒளியில் சில அலைநீளங்கள் மட்டும் ஓங்கியிருப்பதால், அங்கே சமநிலையாகத் தெரியும் கலவை பகலொளியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. திருத்துவதற்கென்று நாம் சேர்க்கும் வண்ணம் அந்தச் சாய்வை ஒரு விளக்குக்கு மட்டுமே மறைக்கிறது என்பதை திரையில் வரும் அந்த டிரைவர் பெட்டி எங்கும் சொல்வதில்லை. எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் அதுதான்.

கருப்புடன் வெளிர் சாம்பல் மைகளும் உள்ள பிரிண்டரில் கருப்பு வெள்ளைக்கென்றே இருக்கும் தனி முறையைத் தேர்ந்தெடுத்தால், வண்ண மைகளின் பங்கு மிகவும் குறைந்துவிடும். எப்சன் 2005-இல் கொண்டுவந்த கே3 மை வரிசையில் மூன்று அடர்த்திகளில் கருப்பு மை இருந்தது இதற்காகத்தான். நான்கு மை பிரிண்டர் மட்டுமே உள்ளவர்கள், படம் மாட்டப்போகும் இடத்தின் வெளிச்சத்திலேயே மாதிரியைப் பார்த்து முடிவு செய்யலாம். இல்லாவிடில் வேண்டுமென்றே லேசான பழுப்புச் சாயல் கொடுத்துவிடலாம், சாய்வு அதில் அவ்வளவாகத் துருத்தாது. கருப்பு மையை மட்டும் கொண்டு அச்சிட்டால் சாயல் வராது என்பது உண்மையே. ஆனால் முகத்தின் வெளிர்ந்த பகுதிகளில் ஆற்றுமணலைத் தூவினாற்போல் புள்ளிகள் தெரியும்.

இரண்டு இடங்களில் வண்ணத் திருத்தம்

படத்தை அச்சுக்கு அனுப்பும் மென்பொருளில் தாளுக்குரிய புரொஃபைலை, அதாவது அந்தத் தாளுக்கேற்ப நிறத்தைத் திருத்தும் கோப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால், டிரைவரின் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிடில் திருத்தம் இரண்டு முறை விழும்.

தாளுக்கு ஒவ்வாத கருப்பு

பளபளப்பில்லாத மேட் தாளில், பளபளப்பான தாளுக்கான கருப்பாகிய போட்டோ பிளாக் மை வெளிறிப்போகும். பளபளப்பான தாளில், மேட் தாளுக்கான மேட் பிளாக் மை சரியாகப் பிடிக்காமல், விரல் பட்டால் ஈஷிக்கொள்ளும்.

திரையின் பிரகாசத்தை நம்புவது

கோயில் உள்மண்டபத் தூண்கள் திரையில் தெளிவாகத் தெரிந்து தாளில் இருளோடு இருளாகிவிடுவதற்குப் பெரும்பாலும் திரையின் மிகைப் பிரகாசமே காரணம். கருப்பிலிருந்து வெள்ளை வரை 21 படிகள் கொண்ட பட்டையைச் சிறு துண்டுத் தாளில் அச்சிட்டு, இருண்ட படிகளில் எவையெவை ஒன்றாகிவிடுகின்றன என்று பாருங்கள். முழுத் தாளை அதற்குப் பிறகு எடுங்கள்.

ஐப்பசி அடைமழையில் அவசரம்

நம் பக்கத்து ஈரக்காற்றில் மை மெதுவாகவே உலரும். ஒரு முழு நாளாவது திறந்து வைக்காமல் சட்டமிட்டால், கண்ணாடியின் உட்புறம் பனி மூடினாற்போல் படலம் படியும்.