தலைப்பைத் தராதீர்கள், சிக்கலைத் தாருங்கள்

‘வயிற்றுப்போக்கு பற்றி ஒரு காணொளி எடுத்து வாருங்கள்’ என்று செவிலியர் கல்லூரி மாணவர்களிடம் சொன்னால், பாடநூலின் பக்கங்கள் பின்னணி இசையோடு திரும்பி வரும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘ஒரு தாய் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலத்தைப் பிரித்து, பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிறார். மீதியை மடித்து வைக்கிறார். அவருக்கு என்ன காட்டுவீர்கள்?’

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1969-இல் தொடங்கிய சிக்கல்வழிக் கற்றலின் அடிப்படை இதுதான். பாடம் முடிந்தபின் பயிற்சியாகச் சிக்கல் வருவதில்லை. சிக்கல் முதலில் வந்து பாடத்தைத் தேடவைக்கிறது.

ஐந்து முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, தெரிந்தவை, தெரியாதவை, யாரிடம் கேட்பது என ஒரு தாளில் மூன்று நெடுவரிசைகளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள் நிரம்பும்வரை கேமராவை எடுக்க விடக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை, ஏனெனில் கருவி கைக்கு வந்தவுடன் பேச்சு முழுவதும் ஒளியமைப்பைப் பற்றியதாகிவிடுகிறது. மாணவர் உங்களிடம் விடை கேட்டால், ‘இதை எங்கே உறுதிப்படுத்தலாம்?’ என்று திருப்பிக் கேளுங்கள். அப்படித் தேடும்போதுதான், பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பின் அடர்த்தி கூடிக் குழந்தைக்குக் கேடாகும் என்பதும், கடையில் 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கிடைப்பதால் குழப்பம் அங்கேயே தொடங்கக்கூடும் என்பதும், கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது என்பதும் அவர்கள் கைக்கு வரும்.

பிறகு காட்சிக் கதைப்பலகை, அதாவது எடுக்கப்போகும் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்த தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘இதைப் பார்த்தபின் தாய் எதை மாற்றிச் செய்வார்?’ என்ற கேள்விக்கு விடை இருக்கவேண்டும்; இல்லாத கட்டத்தை நீக்கிவிடலாம். பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவை விரலால் சுட்டும் நெருக்கக் காட்சியும், ஒரு லிட்டர் பாட்டிலில் தூள் முழுவதையும் கொட்டும் காட்சியும் போதும். மருத்துவச் சொற்களைத் திரையில் அடுக்கவேண்டாம். ஒலி தெளிவாக இருக்க, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சட்டையில் குத்தும் மைக்கைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். நீளம் ஆறு நிமிடத்தைத் தாண்டவேண்டாம். இந்தச் சிக்கலுக்கு இரண்டு நிமிடமே தாராளம்.

முதல் தொகுப்பு முடிந்ததும், மதிப்பெண் போடுவதற்கு முன்பே, பாடத்துக்குத் தொடர்பில்லாத ஒருவருக்கு அதைக் காட்டி, ஒரு பொட்டலத்தையும் சில பாத்திரங்களையும் அவர் முன் வையுங்கள். மாணவர்கள் வாய்திறக்காமல் நின்று, அவர் எந்தப் பாத்திரத்தை எடுக்கிறார், எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்துக்குரிய காட்சியை மட்டும் மறுபடி எடுக்கட்டும்.