பழைய நடிகரின் படப்பிடிப்பு நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி

கொண்டாடப்படும் படத்தில் நடித்தவரிடம் பத்துக் கதைகள் தயாராக இருக்கும். மேடையில் சொல்லிச் சொல்லி மெருகேறியவை. முதல் கால் மணி நேரம் அவற்றைக் குறுக்கிடாமல் கேட்டுவிடுங்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்.

போவதற்கு முன் படத்தைப் பார்த்து, காட்சிவாரியாக இடம், பகலா இரவா, உடுத்திய உடை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். காட்டினால் படத்தின் கதையையே திருப்பிச் சொல்வார். படப்பிடிப்பு கதை வரிசையில் நடப்பதில்லை என்பதால் இடவாரியாகக் கேளுங்கள்: "அண்ணே, தோட்ட வீட்டுக் காட்சிகளை முடித்துவிட்டு அடுத்து எங்கே போனீங்க?" "அனுபவம் எப்படி இருந்தது?" என்றால் "மறக்க முடியாதது" என்று பதில் வரும், அவ்வளவுதான். மழைக் காட்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, நனைந்த சட்டைக்கு மாற்றுச் சட்டை இருந்ததா, வசனம் எப்போது கைக்கு வந்தது, குரல் அவருடையதா டப்பிங்கா என்று கேளுங்கள். கையும் காலும் செய்த வேலையைக் கேட்டால் மெருகேறாத நினைவு வெளியே வரும். பழைய புகைப்படங்களைக் கடைசியில் எடுங்கள்.

ஆண்டுகளை அப்படியே நம்பாதீர்கள். மலேசியத் தமிழ்ப் படமான 'ஜகாட்' கதை 1990களின் தொடக்கத்தில் நடப்பது; திரைக்கு வந்தது 2015 டிசம்பரில்; மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது 2016இல். எடுத்த காலம் வேறு. இவை நினைவில் எளிதில் ஒன்றாகிவிடும். "தீபாவளிக்கு முன்பா பின்பா? கூட நடித்த பையன் அப்போது எந்தப் படிவம் (வகுப்பு) படித்தான்?" என்று கேட்டால் ஆண்டு பிடிபடும்.

கோலாலம்பூரில் காலை நேரமே நல்லது. மாலை மழை தகரக்கூரையில் கொட்டினால் பதிவு வீண். காற்றாடி, ஏர்கோன், ஐஸ்பெட்டி மூன்றையும் நிறுத்திவிடுங்கள். (வண்டிச் சாவியை ஐஸ்பெட்டிக்குள் வைத்தால், கிளம்பும்போது பெட்டியைத் திரும்பப் போட மறக்காது.) வியர்க்கும், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை தே தாரிக் குடிக்க நிறுத்துங்கள். காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். சங்கிலியோ பட்டுச் சேலையோ உரசினால் அந்தச் சரசரப்பைப் பின்னால் நீக்க முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு மணிக்குச் சுமார் 500 எம்பி பிடிக்கும். பறக்கும் நிலையில் வைத்த கைப்பேசியிலும் கூடவே பதியுங்கள். பேச்சில்லாத அறையின் ஒலியை முப்பது விநாடி தனியாக எடுத்தால் இரைச்சலைக் குறைக்க உதவும்.

பதிவைக் கேட்டு எழுதும் எழுத்துப்படியில் 'தாப்பாவ்' (பொட்டலம் கட்டி வாங்குவது), 'லா' போன்ற மலேசியப் பேச்சுச் சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். செந்தமிழாக்கினால் ஆளே காணாமல் போய்விடுவார். சம்பளப் பாக்கி, சக நடிகரின் குடிப்பழக்கம் போன்ற பகுதிகளை வெளியிடலாமா என்று அன்றே கேட்டு, நேரக் குறிப்போடு ஒப்புதல் கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று நடிகரின் பிள்ளைகளிடம் போகட்டும். கூடவே எழுத்துப்படியையும் கொடுத்தால் தவறிய பெயர்களைத் திருத்தித் தருவார்கள்.