நாகசாகியில் கப்பல் நின்றால் டிராம் ஏறுங்கள்

சொகுசுக் கப்பலில் ஜப்பான் போகிறவர்களுக்கு நாகசாகி ஒரு வரம். மத்சுகாயே துறையில் இறங்கினால் ஊருக்குள்ளேயே இறங்கியது போலத்தான். ஒரு நாளுக்கு டாக்ஸியோ சுற்றுலாப் பேருந்தோ தேவையே இல்லை.

பழைய ஐரோப்பிய வணிகர்களின் வீடுகள் உள்ள குளோவர் தோட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் குன்றின் மேல். நேராக ஏறி மூச்சு வாங்காதீர்கள். இஷிபாஷி டிராம் நிறுத்தத்தின் அருகே சரிவில் சாய்வாக ஏறும் லிப்ட் ஒன்று உண்டு, கட்டணம் இல்லை. அதில் மேலே போய், தோட்டத்தின் மேல் வாசலில் நுழைந்து, துறைமுகத்தைப் பார்த்தபடியே இறங்கி வாருங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்களோடு போனால் இது பேருதவி. கீழே 1864இல் கட்டி முடித்த ஓவுரா தேவாலயம்.

அமைதிப் பூங்கா ஊரின் வடக்கே. ஐந்தாம் எண் டிராமில் ஏறி, ஷின்ச்சி சைனாடவுனில் ஒன்றாம் எண்ணுக்கு மாறுங்கள். பின் கதவில் ஏறி, முன்கதவில் இறங்கும்போது காசைப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி மீதி தராது. பக்கத்திலேயே ஆயிரம் யென் நோட்டுக்குச் சில்லறை கொட்டும் இயந்திரம் இருக்கும், முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்கு அருகே, 1945 ஆகஸ்ட் 9, காலை 11.02க்கு அணுகுண்டு வெடித்த இடத்தில் இன்று ஒரு கறுப்புக் கல்தூண் நிற்கிறது. பலர் பூங்காவில் உள்ள பெரிய சிலையை மட்டும் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நேரம் குறைந்தால் கடைவீதியை விடுங்கள், இந்தத் தூணை விடாதீர்கள்.

கப்பல் கிளம்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பும் டிராமில் ஏறிவிடுங்கள்.