பிரான்சிஸ் பேக்கனின் ஓவியங்களை அணுகுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் 1909இல் டப்ளினில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, 1992இல் மாட்ரிட்டில் மறைந்தார். அதே பெயர் கொண்ட தத்துவ அறிஞர் அவருக்கு மூன்று நூற்றாண்டு முந்தியவர். இந்தக் குழப்பம் எளிதில் தீர்ந்துவிடும்.

தீராதது, படங்களை அவருடைய துயரங்களுக்குச் சாட்சியாக மட்டும் வாசிக்கும் வழக்கம். 1971இல், பாரிஸின் கிராண்ட் பலேயில் அவருடைய பெருங்கண்காட்சி தொடங்கவிருந்த வேளையில், துணைவர் ஜார்ஜ் டயர் விடுதி அறையில் இறந்துகிடந்தார். 1973இல் வரைந்த முப்பட ஓவியம் (மூன்று பலகங்கள் சேர்ந்த படைப்பு) ஒன்று அந்த மரணத்தையே நேராகப் பேசுகிறது என்பது உண்மைதான். ஆனால் 'சிலுவையின் அடியில் நிற்கும் உருவங்களுக்கான மூன்று ஆய்வுகள்' என்ற அவருடைய ஓவியத்தில், ஆரஞ்சுப் பின்னணியில் உருவம் வாய் பிளந்து கதறுவது 1944இலேயே நிகழ்ந்துவிட்டது. ஆகவே கதறலைச் சொந்தத் துக்கத்தோடு முடிச்சுப் போடுவது காலக்கணக்குக்கே ஒவ்வாது.

பேக்கன் வரைந்த கதறும் போப்பைத் திருச்சபை மீதான தாக்குதல் என்று சுருக்குவதும் பிழையே. அதற்கு மூலமான, ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் வரைந்த போப் பத்தாம் இன்னசென்ட் இதழ் மூடி, எதிரே நிற்பவரை எடைபோடுபவர். 1953இல் பேக்கன் அந்த உதடுகளைத் திறந்து, திரைச்சீலையின் மடிப்புகள் போன்ற செங்குத்துக் கோடுகளை முகத்தின் மேலேயே இழுத்துவிட்டார். வாயின் தூண்டுதல் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'பொட்டெம்கின்' திரைப்படத்தில், மூக்குக்கண்ணாடி உடைந்து அலறும் பெண்ணிடமிருந்தும், வாய்நோய்கள் பற்றிய ஒரு மருத்துவ நூலிலிருந்தும் வந்தது. பிரெஞ்சு ஓவியர் மோனே சூரிய அஸ்தமனத்தை வரைந்ததுபோல் வாயை வரைய விரும்பியதாக அவர் கூறியதை நான் முழுமையாக நம்புகிறேன். பல்லும் நாவும் ஒளிர்வதைப் பார்க்கத் தவறினால் ஓவியத்தின் பாதி கைநழுவும்.

முன்வரைவுகளே செய்வதில்லை என்ற அவருடைய சொல்லை அப்படியே ஏற்கவும் கூடாது. மறைவுக்குப் பின் அவர் வரைந்த கோட்டோவியங்கள் வெளிவந்தன. ஆயினும் தற்செயலுக்கு அவர் இடமளித்தது பொய்யன்று. ஓவியத்துணியின் அடிப்பூச்சு இல்லாத பக்கத்தில் வரைந்ததால் வண்ணம் துணிக்குள் ஊறிவிடும், அழித்துத் திருத்த இயலாது. பிடிக்காதவற்றைக் கத்தியால் கிழித்தார். அப்படிக் கிழிந்த துணிகள் சுமார் 100, டப்ளினின் ஹியூ லேன் காட்சியகத்துக்கு இடம்பெயர்க்கப்பட்ட அவருடைய பணிக்கூடத்தில் கிடைத்தன.

முப்பட ஓவியங்களை ஒரே படமாக ஒட்டிப் பார்ப்பதும் தவறு. மூன்றையும் தனித்தனிச் சட்டகத்தில் மாட்டவேண்டும் என்பதே அவர் விருப்பம். உருவங்களுக்கிடையே தொடர்கதை உருவாகாமல் தடுப்பது சட்டகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான்.